பெஞ்ச் மீட்டரின் ஃபர்ம்வேரை மாற்றலாமா? மாற்றினால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

மதுரையில் புதூரிலும் கப்பலூரிலும் போர்டு சர்வீஸ் செய்கிறவர்கள், படிப்பு முடித்துவிட்டு வீட்டு மாடியில் சின்னதாக ஒரு பெஞ்ச் போட்டிருப்பவர்கள் என்று பலரும் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணே, கன்டினியூட்டி பீப் லேட்டா வருது. நெட்ல ஒருத்தர் ஃபர்ம்வேர் மாத்திப் போட்டிருக்காரு. ஏத்திக்கிறலாமா? ஏத்துனா ரீடிங் மாறிருமா?"

மேசையில் வைத்து வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டர்தான் பெஞ்ச் மீட்டர், அதற்குள் ஓடும் புரோகிராம் ஃபர்ம்வேர், இரண்டு முனைக்கும் இணைப்பு இருந்தால் வரும் சத்தம் கன்டினியூட்டி பீப். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாற்றுவதா வேண்டாமா என்பது ஒன்று. மாற்றிய பிறகு மீட்டர் சொல்வதை நம்புவது எப்படி என்பது இன்னொன்று. எல்லோரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டாவதற்குப் பதில் வைத்திருப்பவர்தான் முதலாவதைத் தொட வேண்டும். அந்தப் பதில் மீட்டரைச் சரிபார்க்கும் லட்ச ரூபாய் கேலிபிரேட்டராக இருக்க வேண்டியதில்லை. மாற்றுவதற்கு முன்பே நோட்டில் எழுதி வைத்த ஒரு பக்க ரீடிங் போதும், பெரும்பாலும்.

## எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது

கேலிபிரேஷன் எண்கள் எங்கே இருக்கின்றன? எந்த டிஜிட்டல் மீட்டரும் முதலில் ஏடிசியிலிருந்து (வோல்டேஜை எண்ணாக்கும் சர்க்யூட்) வெறும் எண்ணைத்தான் எடுக்கிறது. அதை வோல்ட்டாகவும் ஓமாகவும் ஆக்குவதற்கு ஒவ்வொரு ரேஞ்சுக்கும் ஒரு பெருக்கல் எண், ஒரு கழித்தல் எண் என்று ஃபேக்டரியில் எழுதி வைத்திருப்பார்கள். ஃபர்ம்வேர் என்பது அந்தக் கணக்கைப் போடும் புரோகிராம். எண்கள் அதிலிருந்து தனி. ஆனால் தனி இடத்தில் இருக்கின்றனவா என்பதுதான் விஷயம். எச்பி 34401ஏ-யில் அவை மின்சாரம் இல்லாமலே நிலைக்கும் ஈஈப்ராமில் இருக்கின்றன. பழைய எச்பி 3478ஏ-யில் ஒரு லித்தியம் பேட்டரி உயிரோடு வைத்திருக்கும் எஸ்ராமில் (கரண்ட் இல்லையென்றால் மறந்துவிடும் மெமரி). விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் ஃபர்ம்வேர் இருக்கிற அதே ஃபிளாஷ் சிப்பின் ஒரு மூலையிலேயே இருக்கும். முதல் வகையில் புரோகிராமை மாற்றினாலும் எண்கள் தப்பிக்கும். மூன்றாவது வகையில் ஒரு தப்பான பட்டன் போதும், இரண்டும் சேர்ந்து போகும்.

ரீடிங்கை யார் நம்ப வேண்டும்? நீங்கள் மட்டும் நம்பினால் போதும் என்றால் ஒரு கதை. ராஜபாளையம் மில்லுக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் கார்டு சரிசெய்து, "இவ்வளவு மில்லிவோல்ட் கொடுத்தால் இவ்வளவு காட்டுகிறது" என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் வேறு கதை. ஐஎஸ்ஓ 9001 ஆடிட் நடக்கும் கம்பெனி என்றால், கேலிபிரேஷனைக் கெடுக்கக்கூடிய திருத்தங்களிலிருந்து அளவுக் கருவியைக் காக்க வேண்டும் என்று அந்தத் தரத்திலேயே, 7.1.5.2-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. ஆடிட்டர் அதைத்தான் கேட்பார்.

பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? ஒரிஜினல் ஃபர்ம்வேரின் முழு டம்ப் (சிப்பில் இருப்பதை அப்படியே படித்து எடுத்த நகல்) கையில் இருக்கிறதா என்பதுதான் இது. மீட்டர் செய்த கம்பெனியின் தளத்தில் கிடைக்கும் அப்டேட் ஃபைல் அதற்கு ஈடாகாது. அதில் உங்கள் மீட்டருக்கே உரிய எண்கள் இருக்காது.

அறையின் சூடு. இதைத்தான் நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 34401ஏ-யின் துல்லியம் 23 டிகிரிக்கு 5 டிகிரி கூடக் குறைய, அதாவது 18 முதல் 28 வரைதான் செல்லும். 10 வோல்ட் ரேஞ்சில் ஒரு வருட அளவு: ரீடிங்கில் 0.0035 சதவீதம், ரேஞ்சில் 0.0005 சதவீதம். சரியாக 10 வோல்ட் அளந்தால் இரண்டும் சேர்ந்து 0.4 மில்லிவோல்ட். 28-ஐத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் ரீடிங்கில் 0.0005, ரேஞ்சில் 0.0001 சதவீதம் கூடும். அது டிகிரிக்கு 0.06 மில்லிவோல்ட். சித்திரையில் ஏசி இல்லாத மாடி அறை 38 டிகிரி இருக்கும். 10 டிகிரி அதிகம், ஆக 0.6 மில்லிவோல்ட். ஒரு வருடத்தில் மீட்டர் விலக அனுமதித்திருப்பதைவிட நம் ஊர் வெயில் சேர்ப்பது அதிகம்! ஏப்ரலில் ஃபர்ம்வேரை மாற்றிவிட்டு "டிசம்பரில் 10.0000 காட்டியது, இப்போது 10.0006 காட்டுகிறது, ஃபர்ம்வேர் கெடுத்துவிட்டது" என்று சொல்கிறவர் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

## வழி 1: மீட்டரைத் தொடாமல், வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வது

டேட்டா லாக்கிங், கிராஃப், சராசரி, லிமிட் தாண்டினால் அலாரம். ஃபர்ம்வேர் மாற்றக் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இவைதான். இதற்கெல்லாம் மீட்டரின் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. பெஞ்ச் மீட்டர்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி, ஆர்எஸ்-232, ஜிபிஐபி ஏதாவது ஒன்றின் வழியாக எஸ்சிபிஐ என்ற அளவுக் கருவிகளுக்கான பொதுக் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும். பைத்தானில் பத்துப் பதினைந்து வரியில் ரீடிங் எடுத்து ஷீட்டில் போட்டுவிடலாம். லேப் சர்டிபிகேட்டில் "5 வோல்ட்டில் இவ்வளவு பிழை" என்று கொடுத்திருந்தால் அந்தத் திருத்தத்தையும் ஷீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். மீட்டரின் எண்களைத் தொடவே வேண்டாம்.

மறைந்த செலவு, பெஞ்சில் எப்போதும் ஒரு லேப்டாப் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம், பீப் தாமதம், கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்து போன்றவற்றுக்கு இந்த வழியில் மருந்து இல்லை.

சர்டிபிகேட் உள்ள மீட்டர், வாரண்டி முடியாத மீட்டர், கடையில் இருக்கிற ஒரே மீட்டர் என்றால் இதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

## வழி 2: கம்பெனி கொடுக்கும் அப்டேட்

பிழை திருத்தம் வந்திருக்கிறது, உங்களுக்கு அந்தப் பிழை தொல்லை தருகிறது என்றால் மட்டும் போடுங்கள். புதிது வந்திருக்கிறது என்பது ஒரு காரணமே இல்லை. கம்பெனி ஃபைல் பொதுவாகக் கேலிபிரேஷன் பகுதியைத் தொடாது, ஆனாலும் முன்னும் பின்னும் ரீடிங் எடுப்பதற்கு இங்கேயும் விதிவிலக்கு கிடையாது. ஆடிட் உள்ள இடமென்றால் எந்தத் தேதியில் எந்த வெர்ஷன் என்று கருவிப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

யூபிஎஸ்ஸில் போட்டுத்தான் செய்ய வேண்டும். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போடும் நாளை எல்லோரும் தவிர்த்துவிடுவார்கள். ஃபிளாஷ் பாதி எழுதியிருக்கும்போது மீட்டரைக் கொல்வது, சாயங்காலம் காற்றடித்தால் அரை வினாடி போய் வருகிற கரண்ட்தான்.

## வழி 3: வேறொருவர் மாற்றிய ஃபர்ம்வேர்

ஆசை இங்கேதான் அதிகம். வேகமான பீப், தெளிவான எழுத்து, விலை கூடிய மாடலின் வசதிகள் திறந்துகொள்வது என்று எல்லாம் கிடைக்கும், காசும் இல்லை. சீன மீட்டர்கள் பலவற்றில் இரண்டு மாடலுக்கும் ஒரே போர்டு, பெயர் மட்டும்தான் வேறு என்பதும் உண்மைதான்.

ஆனால் உள்ளே போவதற்கு முன் மூன்று இடங்களில் கால் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டம்ப். ஃபர்ம்வேர் வெளியே 25 வரிசை எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில் இருந்தால் கிளிப் மாட்டிச் சிஎச்341ஏ புரோகிராமரில் படிக்கலாம். கறுப்பு போர்டில் வரும் மலிவான சிஎச்341ஏ சிலவற்றில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். மாட்டுவதற்கு முன் வேறொரு மீட்டரால் அதை அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, சிப் போர்டிலேயே இருக்கும்போது கிளிப் கொடுக்கும் மின்சாரம் மற்ற ஐசிகளுக்கும் பாய்ந்து, புராசஸர் பாதித் தூக்கத்தில் அந்த ஃபிளாஷோடு பேச ஆரம்பித்துவிடும். அப்போது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறு வேறு ஃபைல் வரும். அதனால் மூன்று முறையாவது படித்து, மூன்றின் செக்சம்மும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக வரவில்லையென்றால் சிப்பைக் கழற்றித்தான் படிக்க வேண்டும். கழற்றக் கை வராது என்றால் இந்த வேலையை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பூட்டு. ஃபர்ம்வேர் மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருந்து, படிக்க விடாத பூட்டும் போட்டிருந்தால் கதை மோசம். எஸ்டிஎம்32 சிப்களில் முதல் நிலைப் பூட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் முழுவதும் தானாக அழிந்துவிடும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கேலிபிரேஷன் எண்களும் அதே ஃபிளாஷில் இருந்தால் எஸ்டி-லிங்க் என்ற புரோகிராமரில் "அன்லாக்" அழுத்திய அந்த நொடியில் ஃபேக்டரி போட்ட கணக்கு காலி. திரும்ப எடுக்க எந்த டம்ப்பும் இருக்காது. பூட்டு போட்ட சிப்பில் எண்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லையென்றால் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

மூன்றாவது, போர்டு வெர்ஷன். வெளியே ஒரே பெயர், உள்ளே வேறு டிஸ்பிளே, வேறு மெமரி அமைப்பு. மற்றவருடைய ஃபைல் உங்கள் எண்களை வேறு முகவரியில் தேடும். எல்லா ரேஞ்சும் கன்னாபின்னாவென்று காட்டினால் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு ரேஞ்ச் மட்டும், அதிலும் அடிக்கடி தொடாத ரேஞ்ச் மட்டும் அரை சதவீதம் விலகி நிற்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். 5 வோல்ட்டில் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடியைப் போட்டுவிடுவோம். ஆறு மாதம் கழித்து 500 மில்லிவோல்ட் ரேஞ்சில் ஷன்ட் (கரண்ட்டை அளக்க வைக்கும் சின்ன ரெசிஸ்டர்) அளக்கும்போது அது வந்து நிற்கும்.

எண்கள் பத்திரமாக இருந்தும் கணக்கு மாறலாம். மீட்டர் ஒரு ரீடிங் எடுக்கும் நேரம் கரண்ட்டின் ஒரு சுழற்சி, அதாவது நமக்கு 20 மில்லிசெகண்ட், அல்லது அதன் மடங்காக இருந்தால்தான் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடிபடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காரர் தன் வசதிக்குச் செய்த ஃபர்ம்வேர் அந்த நேரத்தை மாற்றி வைத்திருந்தால் கடைசி இலக்கங்கள் ஆடிக்கொண்டே இருக்கும். கேலிபிரேஷனை எத்தனை முறை சரிபார்த்தாலும் காரணம் அங்கே கிடைக்காது.

திறந்துகொண்ட "பெரிய மாடல்" ரேஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் எழுத்து மாறியதால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் ஃபியூஸும் மாறிவிடாது. வோல்டேஜ், கரண்ட் எல்லையைக் கூட்டுகிற எந்த அன்லாக்கையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெஞ்சில் இரண்டாவது மீட்டர் இருக்கிறது, முழு டம்ப் கையில் இருக்கிறது, ரீடிங் உங்கள் சொந்த வேலைக்கு மட்டும்தான். மூன்றும் சேர்ந்தால் இந்த வழி நியாயமானது. கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது.

## சரிபார்ப்பு: வீட்டிலா, நண்பரிடமா, லேபிலா?

| | முன்-பின் ஒப்பீடு | நல்ல மீட்டரோடு ஒப்பீடு | என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேப் |
|---|---|---|---|
| என்ன தெரியும் | மாறியதா இல்லையா | அந்த மீட்டரிலிருந்து எவ்வளவு விலகல் | தேசியத் தரத்திலிருந்து எவ்வளவு விலகல் |
| முன் ரீடிங் வேண்டுமா | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் |
| வெளியாருக்குக் காட்டலாமா | முடியாது | முடியாது | காட்டலாம் |
| எங்கே வழுக்கும் | அறைச் சூடு | அந்த மீட்டர் கடைசியாக எப்போது கேலிபிரேட் ஆனது | சரிசெய்து தருவார்கள் என்ற நினைப்பு |

முன்-பின் ஒப்பீடு. இதற்கு வேண்டியது சரியான வோல்டேஜ் இல்லை, மாறாத வோல்டேஜ். ஏடி584 என்ற வோல்டேஜ் ரெஃபரன்ஸ் சிப் போட்ட சின்ன போர்டு 2.5, 5, 7.5, 10 வோல்ட் கொடுக்கும். அதன் கே கிரேடு சிப் 10 வோல்ட்டில் 10 மில்லிவோல்ட் வரை தள்ளி இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. அதனால் நமக்கு ஒன்றும் இல்லை, இன்று காட்டுவதை நாளையும் காட்டினால் போதும். சூட்டுக்கு அது டிகிரிக்கு 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) வரை நகரலாம், 10 வோல்ட்டுக்கு 0.15 மில்லிவோல்ட். 0.05 சதவீத மீட்டருக்கு 10 வோல்ட்டில் 5 மில்லிவோல்ட் வரை இடம் இருப்பதால் இது தூசு. 34401ஏ போன்ற ஆறரை இலக்க மீட்டருக்கு இது போதாது. உள்ளேயே ஹீட்டர் வைத்த எல்எம்399 மாதிரி ரெஃபரன்ஸ் வேண்டும். 34401ஏ-யின் உள்ளே இருப்பதும் அதே சிப்தான். புது 9 வோல்ட் பேட்டரியை ரெஃபரன்ஸாக வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மீட்டரை ஒரு மணி நேரமாவது சூடேற விட்டு, அதே ஒயர், அதே அறை, தெர்மாமீட்டர் பக்கத்தில். மார்கழி அதிகாலை, கோயில் மைக்கில் திருப்பாவை போய்க்கொண்டிருக்கும் நேரம், மதுரையில் ஏசி இல்லாமலே 28-க்குக் கீழே வேலை செய்யலாம். சித்திரையில்தான் செய்தாக வேண்டுமென்றால், டம்ப், ஃபிளாஷ், முன்-பின் ரீடிங் எல்லாவற்றையும் ஒரே காலையில் வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள்.

ஒவ்வொரு ரேஞ்சிலும் எடுக்க வேண்டியவை: இன்புட்டைத் தடித்த வெறும் செம்புக் கம்பியால் ஷார்ட் செய்து ஜீரோ, ரேஞ்சின் நடுவில் ஒன்று, உச்சிக்குப் பக்கத்தில் ஒன்று, அதையே ஒயரைத் திருப்பி மைனஸில் ஒன்று. அப்புறம் ஒரே வோல்டேஜை அடுத்தடுத்த இரண்டு ரேஞ்சிலும். நான் மேலே சொன்ன "ஒரே ரேஞ்ச் கெட்டுப்போன" கேஸ் இதில்தான் மாட்டும். ஓமுக்கு நல்ல மெட்டல் ஃபிலிம் அல்லது ஃபாயில் ரெசிஸ்டர்கள் சில, 10 கிலோ ஓம் வரை நாலு ஒயரில் (ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கணக்கில் சேராத முறை). ஏசி வோல்டேஜை ஈபி லைனை வைத்து முன்-பின் பார்க்க முடியாது, அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். இன்னொரு மீட்டரைப் பேரலலாக மாட்டி ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

34401ஏ மாதிரி மீட்டர்களில் கேலிபிரேஷன் கவுன்ட் என்று ஒன்று இருக்கிறது. எண்களை யார் மாற்றினாலும் அது கூடும். வேலைக்கு முன்னும் பின்னும் அது ஒன்றாக இருந்தால் பாதி நிம்மதி.

நல்ல மீட்டரோடு ஒப்பீடு. முன் ரீடிங் எடுக்காமல் ஏற்கெனவே ஃபிளாஷ் செய்துவிட்டவர்களுக்கு இதுதான் முதல் படி. கல்லூரி லேபில் தெரிந்தவர் இருந்தால் ஒரு மதியம் கேட்டு வாங்குங்கள். இரண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில் ஒரே சோர்ஸில் மாட்டுவதால் சோர்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் பரவாயில்லை, சாதாரண பவர் சப்ளையே போதும். அந்த மீட்டர் உங்களுடையதைவிட நாலு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும். அதன் சர்டிபிகேட் தேதியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கல்லூரி மீட்டர் பலவற்றின் ஸ்டிக்கரில் மை மங்கியிருக்கும்.

லேப். என்ஏபிஎல் என்பது லேப்களை அங்கீகரிக்கும் இந்திய வாரியம், அதன் அங்கீகாரம் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன்படி கிடைப்பது. அந்த லேபின் அளவுகள் வழிவழியாக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற தேசியத் தரம் வரை போய்ச் சேரும். அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. அவர்களுடைய ஸ்கோப்பில் (எதையெல்லாம் அளக்க அங்கீகாரம் என்ற பட்டியலில்) உங்கள் ரேஞ்சும், அதற்கு அவர்கள் சொல்லும் நிச்சயமின்மையும் என்னவென்று பாருங்கள். மூன்றரை இலக்க மீட்டருக்குப் போதுமான லேப் ஆறரை இலக்கத்துக்குப் போதாமல் இருக்கலாம். சென்னையில் மத்திய அரசின் சோதனை, தரச்சான்று அமைப்பான எஸ்டிகியூசி-யின் மையம் இருக்கிறது. தனியார் லேப்களும் உண்டு. பார்சலில் போடுவதைவிட வைகை எக்ஸ்பிரஸில் யாராவது மடியில் வைத்துக்கொண்டு போனால் மீட்டருக்கு நல்லது. அந்த டிக்கெட்டையும் ஒரு நாள் வேலையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேப் கேலிபிரேட் செய்வது என்றால் பிழை எவ்வளவு என்று அளந்து எழுதித் தருவது. அட்ஜஸ்ட் செய்து தருவது தனி வேலை, தனிக் காசு. மாற்றிய ஃபர்ம்வேர் என்றால் அட்ஜஸ்ட் செய்ய அவர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அட்ஜஸ்ட்மென்ட் முறை உங்கள் மீட்டரில் ஓடுமா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். லேபுக்குப் போவதென்றே முடிவாகிவிட்டால் வரிசையும் முக்கியம்: ஃபர்ம்வேரை மாற்றி, வீட்டில் முன்-பின் ஒப்பிட்டுத் தேறிய பிறகு லேப். சர்டிபிகேட் வந்த மறுநாள் ஃபர்ம்வேரை மாற்றினால் அந்தக் காகிதம் பழைய மீட்டருக்குத்தான் சொந்தம்.

## யாருக்கு எது

கம்பெனிக்கு ரிப்போர்ட் கொடுக்கிறவர்: வழி 1, வருடத்துக்கு ஒருமுறை லேப். சர்வீஸ் மட்டும் செய்கிறவர், பீப்தான் பிரச்சினை: முதலில் வழி 2-இல் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் டம்ப்போடு வழி 3, முன்-பின் ஒப்பீடு. மாணவர்: வழி 3-ஐத் தாராளமாகச் செய்யலாம், ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே மீட்டரில் வேண்டாம்.

பழைய 3478ஏ-யைச் செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள் இந்தப் பட்டியலில் எங்கும் வரமாட்டார்கள். உங்களுக்கு அவசரம் ஃபர்ம்வேர் இல்லை, உள்ளே வயதாகிக்கொண்டிருக்கும் லித்தியம் பேட்டரி. அது செத்தால் கேலிபிரேஷனும் சேர்ந்து போகும். ஆர்டுயினோவில் செய்த ஜிபிஐபி அடாப்டர் ஒன்றை மாட்டி முதலில் கேலிபிரேஷன் மெமரி முழுவதையும் படித்துவிடுங்கள், மொத்தம் 256 சின்ன எண்கள்தான். பிறகு பழைய பேட்டரிக்குப் பேரலலாக இன்னொரு 3 வோல்ட்டைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இருக்கிற சூட்டிலேயே புதிய பேட்டரியை வைத்துப் பற்றவையுங்கள். எர்த் உள்ள அயர்ன் முனை மெமரி லைனில் பட்டால் பேட்டரி இருந்தும் எண்கள் போய்விடும். படித்த எண்களைப் பேப்பரில் அச்சடித்து மீட்டரின் மேல்மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பென்டிரைவை நம்ப முடியாது.